மொறிஸ் மைனரை வீட்டில வைச்சுத் திருத்திறதெண்டா எங்கயிருந்து தொடங்கவேணும்?

கொக்குவில்1959

வணக்கம். பெரியப்பாவின்ர மொறிஸ் மைனர் 1000 ஒண்டு எங்கட வளவுக் கொட்டிலுக்குள்ள நிக்குது. 1959 மொடல், நாலு கதவு, ஸ்ரீ நம்பர், நடுத்தூணுக்குள்ள மடிஞ்சு கிடந்து வெளிய நீளுற அந்தப் பழைய சிக்னல் கூட ரெண்டு பக்கமும் இருக்கு. பெரியப்பா வாத்தியார், வாழ்க்கையில வாங்கின ஒரே கார் இதுதான். பொருளாதாரத் தடை நேரம் எல்லாரும் ஓடின மாதிரி அவரும் துளிப் பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணிப் பேந்து மண்ணெண்ணெயில ஓடினவர். 95 இடம்பெயர்வுக்குக் காரைக் கொட்டிலுக்கதான் விட்டிட்டுப் போனது, திரும்பி வந்து பார்க்க பற்றரியும் முன் சில்லு ரெண்டும் இல்லை, அதுக்குப் பிறகும் சில்லு தேடிப் போட்டுக் கொஞ்சக் காலம் ஓடினவர், கண் தெரியாமப் போகத்தான் நிப்பாட்டினது. இப்ப அவரும் இல்லை, பெரியம்மா "நீ எடுத்து ஓடு, ஆனா விக்காத" எண்டு திறப்பைத் தந்திட்டா.

எனக்கு ஸ்பனர் பிடிக்கத் தெரியும், மோட்டச்சைக்கிள் எஞ்சின் முழுசாக் கழட்டிப் பூட்டியிருக்கிறன், கார் இதுதான் முதல். வெல்டிங் தெரியாது, மச்சான் ஒருத்தர் ஒட்டுவார். இஞ்ச ரெண்டு மூண்டு இடத்தில கேட்டன். ஒராள் சொல்லுறார் முதல் தகடு தட்டிப் பொடி பிடிச்சு பெயின்ற் அடிச்சுப்போட்டு எஞ்சினைப் பிறகு பாப்பம், பெயின்ற் அடிச்சாத்தான் செய்ய ஆசை வருமாம். இன்னொராள் உந்த எஞ்சினை எறிஞ்சுபோட்டு ஜப்பான் எஞ்சின் போடு எண்டுறார். எனக்கு இந்தக் கார் பெரியப்பா வைச்சிருந்த மாதிரியே வரவேணும், ஆனா கண்காட்சிக்கு வைக்க இல்லை, பெரியம்மாவை ஏத்திக்கொண்டு நல்லூருக்கும் கீரிமலைக்கும் போய்வரவேணும். ஹான்டில் போட்டுச் சுத்திப் பாத்தன், எஞ்சின் அசையேல்ல. வெளியால பாக்க பொடி மோசமில்லை, முன் மட்காட்டுகளின்ர கீழ் மூலையிலதான் கறள். எங்கயிருந்து தொடங்கிறது? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

சுன்னாகம்_பழைய_கராஜ்

தம்பி, பெயின்ற் கதையை இப்ப மறந்திடுங்கோ. எஞ்சினையும் மறந்திடுங்கோ. மைனருக்குத் தனியாச் சட்டம் கிடையாது, பொடியும் சட்டமும் ஒண்டாச் சேர்ந்தது, அதால மேலால மினுங்கிற கார் கீழால ஒண்டுமில்லாம இருக்கும், நான் அப்பிடி நிறையக் கண்டிருக்கிறன். முதல் காருக்குக் கீழ படுங்கோ.

படுக்க முதல் ஒண்டு, யக்கை மட்டும் நம்பிக் கீழ போகாதேங்கோ. ஸ்ராண்ட் இல்லாட்டி நல்ல பனங்குத்தி நாலு, மட்டமா அறுத்தது, பின்னுக்கு அச்சுக்குக் கீழயும் முன்னுக்கு உக்காத பலமான சட்டத்துக்குக் கீழயும் வைச்சு, காரைக் கையால ஆட்டிப் பாத்து அசையேல்லை எண்டாப் பிறகு போங்கோ. ரோச் லைற், சின்னச் சுத்தியல், பழைய இஸ்குறூ டிறைவர் மூண்டும் காணும். தட்டிக்கொண்டு போங்கோ, நல்ல தகடு ணங் எண்டு சொல்லும், உக்கினது பொத்தெண்டு விழும், சந்தேகமான இடத்தில டிறைவரால குத்துங்கோ, போனாப் போகட்டும், இப்ப போறது நல்லம் றோட்டில போறதை விட.

கட்டாயம் பாக்கவேண்டிய இடங்கள் சொல்லுறன். கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓடுற சில், வெளித்தகடு இல்லை அதுக்கு உள்ளால இருக்கிற தகடு. யக் குடுக்கிற இடம். முன் சீற்றுக்குக் கீழ குறுக்கால போற சட்டம், இதுதான் உயிர், ஏனெண்டா மைனருக்கு முன்னுக்கு ஸ்பிறிங் இல்லை, நீளமான முறுக்குக் கம்பி ரெண்டு முன் சில்லிலயிருந்து பின்னுக்கு ஓடி இந்தக் குறுக்குச் சட்டத்திலதான் மாட்டியிருக்கு, முன்பாரம் முழுக்க அதிலதான் முறுகி நிக்குது, அது உக்கியிருந்தா முதல் வேலை அதுதான், வேற ஒண்டையும் தொடாதேங்கோ. பேந்து பின் இலை ஸ்பிறிங் முன்னுக்கும் பின்னுக்கும் மாட்டிற இடம். முன் சட்டக் கால் ரெண்டும், ஸ்ரியறிங் றாக் இருக்கிற பக்கம் கீழ்முகம். பின் மட்காட்டின்ர உள்வளைவு.

சில் வெட்டவேணும் எண்டு வந்தா ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரம் வெட்ட விடாதேங்கோ மச்சானை. கதவுகளைக் கழட்டி, கதவு வாசலுக்குக் குறுக்கால ஆங்கிள் இரும்பு வைச்சு ஒட்டி இறுக்கிப்போட்டு, ஒரு பக்கத்தை முடிச்சுக் கதவைத் திருப்பிப் போட்டு இடைவெளி சரியோ எண்டு பாத்துப்போட்டுத்தான் மற்றப்பக்கம். இது பிழைச்சா அந்தக் கார் நடுவால தொய்யும், பேந்து எந்தக் காலத்திலும் கதவு பூட்டுப்படாது.

அடுத்தது முன் சில்லு. முன் சில்லைத் தாங்கித் திரும்புற குத்துக்காலின்ர கீழ்நுனியில மைனரில புரி இருக்கு, அது ட்றனியன் எண்ட தாங்கிக்குள்ள புரியிலதான் சுத்துது, ஸ்ரியறிங் திருப்பேக்க திருகித் திருகிப் போய் வாறது அதுதான். கைநூல் 1000 மைலுக்கு ஒருக்காக் கிறீஸ் அடிக்கச் சொல்லுது. அடிக்காம விட்டா புரி தேயும், தேஞ்சா ஒரு நாள் ஸ்ரியறிங்கை ஒடிச்சுத் திருப்பேக்க கால் புரியை விட்டுக் கழண்டு சில்லு மட்காட்டுக்குக் கீழ மடிஞ்சு கார் குந்தும். நல்ல காலம் கூடுதலா மெதுவாப் போகேக்கதான் நடக்கும், எண்டாலும் பெரியம்மாவை ஏத்திக்கொண்டு போகேக்க நடக்கக்கூடாது. முன்பக்கத்தை உயத்தி சில்லை மேலயும் கீழயும் பிடிச்சு உள்ளுக்கும் வெளிக்கும் ஆட்டிப் பாருங்கோ, ஆட்டம் இருந்தா ஆர் ஆடுறது எண்டு மற்றவரைக் கீழயிருந்து பாக்கச் சொல்லுங்கோ. ரெண்டு பக்கமும் மேல கீழ எல்லா நிப்பிளும் கிறீஸ் எடுக்குதோ எண்டும் பாருங்கோ. எடுக்கேல்லையெண்டா பழைய கிறீஸ் கல்லாகிப் போச்சு, கழட்டிக் கழுவத்தான் வேணும்.

மூண்டாவது பிறேக். எஞ்சினுக்கு முதல் பிறேக். எஞ்சின் ஓடுதெண்டா ஆரெண்டாலும் ஒருக்கா எடுத்து ஓடிப்பாக்க ஆசைப்படுவினம், பிறேக் இல்லாத காரில அந்த ஆசை வரவே கூடாது. மைனரில நாலு சில்லுக்கும் ஒரே லைன்தான், ஒரு இடத்தில ஒழுகினா நாலும் போச்சு. இவ்வளவு காலம் நிண்ட காரில றப்பர் எல்லாம் காய்ஞ்சிருக்கும். மாஸ்ரர் சிலிண்டர், சில்லுச் சிலிண்டர் எல்லாம், றப்பர் ஹோஸ் மூண்டு, எல்லாம் புதுசாப் போடுங்கோ. பழைய ஹோஸ் வெளியால வடிவா இருக்கும், உள்ளுக்க வீங்கி அடைச்சிருக்கும், பெடலை விட்டாலும் பிறேக் விடாது. பழைய பிறேக் சூவில அஸ்பெஸ்ரஸ் இருக்கும், டிறம்மைக் கழட்டினா காத்தடிச்சு ஊதாதேங்கோ, தண்ணி தெளிச்சுத் துடைச்சு எடுங்கோ.

இதெல்லாம் பாத்துப்போட்டு வந்து சொல்லுங்கோ, எஞ்சினைப் பேந்து கதைப்பம்.

வவுனியா_ஓட்டம்

நான் ஜப்பான் எஞ்சின் போட்ட மைனர் ஒண்டு வைச்சிருக்கிறன், வவுனியா கொழும்பு ஒரே ஓட்டமா ஓடுறன், சாமான் எங்கயும் எடுக்கலாம், கொழும்பில பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஒரு போன் அடிச்சா பஸ்ஸில வரும். பழைய எஞ்சினுக்கு ஒவ்வொண்டா இங்கிலாந்தால எடுப்பிச்சுக் காசு முடியும். யோசிச்சுச் செய்யுங்கோ.

சுன்னாகம்_பழைய_கராஜ்

வவுனியாத் தம்பி, தூர ஓட்டம் ஓடுறவைக்கு உங்கட கதை சரிதான். ஆனா இவர் கேக்கிறது கீரிமலைக்குப் போய்வர. 59 மைனரில நிக்கிறது 948 சிசி ஏ-சீரிஸ், 37 குதிரைவலு. அதே ஏ-சீரிஸ்தான் மினிக்கும் போனது, ஒஸ்ரின் ஏ35க்கும் போனது, 2000 ஆம் ஆண்டு வரைக்கும் செய்தவங்கள், சாமான் கிடைக்காத எஞ்சின் இல்லை. 948 காருக்கு முன் டிறம் 7 அங்குலம்தான். வலுக் கூடின எஞ்சின் போட்டா பிறேக் மாத்தவேணும், கியர்பெட்டி மாத்தவேணும், நடுவால போற தகட்டை வெட்டவேணும், பதிவுப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் மாத்தவேணும். வெட்டின தகடு பேந்து வராது. இவருக்குக் கொஞ்சம் வலு வேணுமெண்டா 62க்குப் பிறகு வந்த 1098 எஞ்சினை அதின்ர கியர்பெட்டியோட சோடியா எடுத்துப் போடலாம், மைனரின்ரயே சாமான், 48 குதிரை, முன் பிறேக்கையும் அதின்ர 8 அங்குலத்தையே போடலாம். ஒண்டையும் வெட்டத் தேவையில்லை.

லூயிஷம்_மைனர்

லண்டனிலயிருந்து எழுதிறன். என்னட்ட 1967 ட்றவெலர் ஒண்டு இருக்கு, பின்னுக்கு மரச்சட்டம் வைச்ச மொடல், அந்த மரம் வடிவுக்கில்லை பொடியையே அதுதான் தாங்குது, போன மாரி முழுக்க அதோடதான் மல்லுக்கட்டினன். தம்பியின்ர காருக்கு மரமில்லாததே பெரிய புண்ணியம்.

சுன்னாகம் அண்ணை சொன்ன ஒழுங்கு அப்பிடியே சரி. சாமானைப் பற்றி நான் சொல்லுறன். இஞ்ச மைனருக்கு ஒவ்வொரு நட்டும் புதுசாக் கிடைக்கும், மொத்தம் 16 லட்சத்துக்கு மேல செய்த கார், அரைவாசி இங்கிலாந்து இதில கார் பழகினது, அதால சாமான் செய்யிறவை இன்னும் செய்துகொண்டுதான் இருக்கினம். ஆனா எல்லாத்தையும் இஞ்சயிருந்து எடுப்பிக்க வேண்டாம், கப்பல் காசும் வரியும் சாமானை விடக் கூட வரும். பாரமில்லாத, உயிர்ச் சாமானை மட்டும் எடுப்பியுங்கோ, பிறேக் றப்பர் சாமான் முழுக்க, ட்றனியனும் குத்துக்காலும், எஸ்யூ காபரேற்றரின்ர ஊசியும் ஜெற்றும் கஸ்கெற்றும், எஸ்யூ பெற்றோல் பம்பின்ர டயபிறமும் பொயின்றும். தகட்டை அங்கயே அடிப்பியுங்கோ. உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, தெற்கில ஒரு தொழிற்சாலை 90களில மைனரின்ர தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினது, இஞ்ச ஓடுற எத்தினையோ மைனரில இலங்கைத் தகடு இருக்கு. எங்கட நாட்டுக் கைக்கு அது ஏலாத வேலையே இல்லை.

மட்காட் நாலும் போல்ற்றில கழருறது, அதுதான் வீட்டில செய்யிறவைக்கு மைனர் குடுத்த வரம். கழட்டி வெளியில வைச்சு வேலை செய்து, தனியாப் பெயின்ற் அடிச்சுப்போட்டுத்தான் பூட்டவேணும், நடுவில வாற பட்டியைப் புதுசாப் போடுங்கோ, பட்டியோட சேத்துப் பெயின்ற் அடிச்சா ஒரு வருசத்தில வெடிக்கும்.

பொனற்றைப் பற்றி ஒரு விசயம். மைனர் பொனற்றின்ர நடுவால முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுற ஒரு அகலமான மேடு இருக்கு. இந்தக் காரை வடிவமைச்ச இசிகோனிஸ் முதல் கீறினபடி கார் ஒடுக்கமாத்தான் இருந்தது, பாத்திட்டு அவருக்குத் திருப்தியில்லை, மாதிரிக் காரை நடுவால வெட்டி 4 அங்குலம் தள்ளி வைச்சுப் பாத்து அதுதான் சரியெண்டு அகலப்படுத்தினவர், அந்த 4 அங்குலம்தான் பொனற் நடுவில இன்னும் இருக்கு, 48 இல வந்த முதல் கார்களின்ர பம்பரிலும் நடுவில ஒட்டுத்துண்டு இருக்கும். இதை ஏன் சொல்லுறன் எண்டா தெரியாத ஆள் பொடி பிடிக்கேக்க அந்த மேட்டைப் பழைய அடி எண்டு நினைச்சுப் பூசி மட்டமாக்கிப் போடுவார். வேலைக்குக் குடுக்க முதலே காட்டிச் சொல்லுங்கோ.

வயரிங்: 59 காரில பற்றரியின்ர நேர்முனைதான் பொடியில பூட்டிறது, இப்பத்தைய காருகளுக்கு எதிர்மாறு. பழக்கத்தில மாறிப் பூட்டிப் போடாதேங்கோ, மற்றக் காரிலயிருந்து வயர் போட்டு ஸ்ராட் பண்ணேக்கயும் கவனம். போன் சார்ஜர், றேடியோ ஒண்டும் அப்பிடியே பூட்ட ஏலாது. முழுக் காருக்கும் ரெண்டே ரெண்டு பியூஸ்தான், ஹெட்லைற்றுக்குப் பியூஸே இல்லை. துணி சுத்தின பழைய வயர் தொட உதிரும், அந்த வயர்க் கட்டை முழுசா மாத்தி, மாத்தேக்க ஹெட்லைற்றுக்கும் பெற்றோல் பம்புக்கும் தனித்தனிப் பியூஸ் வையுங்கோ, வெளியால பாக்கப் பழசு மாதிரியே இருக்கும்.

கடைசியா, இந்த எஞ்சின் ஈயப் பெற்றோலுக்குச் செய்தது. இஞ்ச 2000 ஆம் ஆண்டோட ஈயப் பெற்றோல் முடிஞ்சுது, அங்கயும் இப்ப இல்லை. ஹெட்டைக் கழட்டினா எக்சோஸ்ற் வால்வு சீற்றைக் கடினமான வளையமா லேத்தில இறக்குவியுங்கோ. ஹெட்டைக் கழட்டத் தேவை வரேல்லை எண்டா அப்பிடியே ஓடுங்கோ, மெதுவா ஓடுற காருக்கு உடன ஒண்டும் வராது, வால்வு இடைவெளியை மட்டும் அடிக்கடி பாருங்கோ, 12 தவ் (ஒரு தவ் எண்டா அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு) இருக்கவேணும், எக்சோஸ்ற் பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப ஒடுங்கிக்கொண்டு வருதெண்டா சீற் தேயுது எண்டு விளங்கும்.

கோவை_ஹெரால்டு

வணக்கம்ங்க, நம்மகிட்ட இருக்கறது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னை வண்டலூர்ல செஞ்ச வண்டி. இதுலயும் 948 சிசி தானுங்க, ஆனா மைனர் இன்ஜினுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அளவு மட்டும்தான் ஒண்ணு. இத எதுக்குச் சொல்றேன்னா, இங்க குரூப்ல ரெண்டு வண்டிக்காரங்களும் ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் அப்படியே பண்ணிடறாங்க. ட்ரனியன் விஷயத்துல அது ரொம்ப ஆபத்துங்க. மைனருக்கு ஐயா சொன்ன மாதிரி கிரீஸ். ஹெரால்டு ட்ரனியனுக்கு கிரீஸே அடிக்கக் கூடாது, இபி 90 கியர் ஆயில்தான் விடணும், கிரீஸ் அடிச்சா புரிக்குள்ள போய்ச் சேராது, உள்ள துரு புடிச்சு குத்துக்கால் முறிஞ்சுடும். ஹெரால்டு வச்சிருக்கறவங்க யாராச்சும் இந்தத் திரியப் படிச்சீங்கன்னா தயவு செஞ்சு இதக் கவனிங்க.

ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் இருக்கறதால நாங்க பாடியத் தூக்கி ஓரமா வச்சுட்டு வேலை பாத்தோம், உங்களுக்கு அந்த வசதி இல்லீங்க. அதனால நான் சொல்லக் கூடியது லேத்து சமாச்சாரம் மட்டும்தான். டிரம்மைக் கடைய விடும்போது ஓவல் போனதை மட்டும் எடுக்கச் சொல்லுங்க, பளபளன்னு வரணும்னு அதிகமா கடைஞ்சுட்டாங்கன்னா டிரம் மெலிசாயிரும், சூடானா விரியும், பிரேக் ஆழமா இறங்கும். ரெண்டு முன் டிரம்மும் ஒரே அளவுக்கு வரணும், இல்லன்னா ஒரு பக்கம் இழுக்கும். புது ஷூ போட்டா டிரம் வளைவுக்குத் தகுந்த மாதிரி லைனிங்கை உரசி உட்கார வைக்கணும், நடுவுல மட்டும் தொட்டா பிரேக்கே இருக்காது. கடைஞ்சு வந்ததும் நீங்களே ஒரு தடவ அளந்து பாத்துருங்க.

கொக்குவில்1959

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. கீழ படுத்துப் பாத்திட்டு வந்திருக்கிறன், மச்சானும் நானும். குறுக்குச் சட்டம் ணங் எண்டு நிக்குது, பெரியப்பா ஒவ்வொரு மாரிக்கு முதலும் பழைய எஞ்சின் ஒயிலைத் தூரிகையால கீழ பூசுறவர், அந்தப் பூச்சு தார் மாதிரிக் கட்டியா இருக்கு, கரண்டியால சுரண்டி எடுக்க உள்ளுக்க தொழிற்சாலையில அடிச்ச பெயின்ற் அப்பிடியே தெரியுது. இடப்பக்கச் சில் நல்லம். வலப்பக்கம் உள்தகடு முன்னுக்கு ஒரு முழம் அளவு போச்சு, டிறைவர் பிடி மட்டும் இறங்கிச்சுது. வலப்பக்கம்தான் கொட்டில் ஒழுக்கு விழுற பக்கம். யக் குடுக்கிற இடமும் அந்தப் பக்கம் இல்லை. பின் ஸ்பிறிங் தாங்கிகள் நல்லம்.

முன் மட்காட் ரெண்டையும் கழட்டினம், ஒரு போல்ற் மட்டும் அறுத்தெடுத்தது. உள்ளுக்க கதவுப் பக்க மூலையில செம்மண் இறுகிப்போய்க் கிடந்தது, அந்த மண்ணுக்குப் பின்னாலதான் கறள், வேற இடத்தில தகடு சுத்தம். ட்றனியன் இடப்பக்கம் கிறீஸ் எடுத்துது, வலப்பக்கம் எடுக்கேல்ல, சில்லும் கொஞ்சம் ஆடுது. லூயிஷம் அக்காவின்ர லிஸ்ற்றைப் பாத்து ட்றனியனும் குத்துக்காலும் ரெண்டு பக்கத்துக்கும் சேத்தே எடுப்பிக்கப் போறன், சித்தப்பாவின்ர மகன் ஆடிக்கு அங்கயிருந்து வாறான்.

இப்ப ரெண்டு கேள்வி. மாஸ்ரர் சிலிண்டர் காலுக்குக் கீழ சட்டத்துக்குள்ள இருக்கு, ரெண்டு நீளப் போல்ற், நட்டுக் கழண்டுது ஆனா போல்ற் வெளிய வருதில்லை, முறுக்குக் கம்பி குறுக்கால நிக்குது. அதை எப்பிடி எடுக்கிறது? மற்றது அசையாத எஞ்சினை என்ன செய்யிறது? கொட்டிலுக்குப் பக்கத்தில இருக்கிற கராஜ்காரர் ட்றக்ரரில கட்டி கியரில இழுத்தா விடும் எண்டுறார்.

சுன்னாகம்_பழைய_கராஜ்

தம்பி, குறுக்குச் சட்டம் தப்பினது நல்ல சேதி, பெரியப்பாவின்ர கை அது. இழுக்க வேண்டாம், ஒருக்காலும் இழுக்க வேண்டாம். பிஸ்ரன் வளையம் கறளில பிடிச்சு நிக்கேக்க இழுத்தா வளையம் முறியும், இல்லாட்டி வால்வு பிடிச்சு நிண்டு தள்ளுகம்பி வளையும், சும்மா விடக்கூடிய எஞ்சினை வீணா உடைக்கிற வேலை.

பிளக் நாலையும் கழட்டுங்கோ. ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் ஒட்டோமற்றிக் கியர்பெட்டி ஒயிலும் டீசலும் சமனாக் கலந்து கொஞ்சம் விட்டு, ஊற விடுங்கோ, இறங்கிப் போனாத் திரும்ப விடுங்கோ. அவசரப்பட வேண்டாம், வலப்பக்கச் சில் வேலை முடியுமட்டும் அது ஊறட்டும். பேந்து நியூற்றலில வைச்சு ஹான்டிலைப் போட்டு, நோகாமல் விட்டு விட்டு அமத்திப் பாருங்கோ, ஒரேயடியாப் பாரம் குடுக்காதேங்கோ. மயிரிழை அசைஞ்சாப் போதும், அதிலயிருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கொண்டு போகலாம். விட்ட பிறகு மேல் மூடியைக் கழட்டி, ஆள் சுத்தச் சுத்த எட்டு வால்வும் இறங்கி ஏறுதோ எண்டு பாருங்கோ, இறங்கினது ஏறாம நிண்டா அதை அமத்திற ரொக்கரைத் தளத்திப்போட்டு வால்வுத் தண்டுக்கு ஒயில் விட்டு மெல்லத் தட்டுங்கோ.

உங்கட எஞ்சினுக்கு விசேசமா ஒண்டு, அது மண்ணெண்ணெயில ஓடினது. மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி ஆவியாகாது, எரியாத மிச்சம் வளையத்தால கீழ இறங்கி எஞ்சின் ஒயிலோட கலக்கும். எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தொட்டி, அந்தச் சம்பில இருக்கிற ஒயிலை வடிச்சு மோந்து பாருங்கோ. பேந்து சம்பையே கழட்டி அடியில கிடக்கிற கருஞ்சேறைக் கழுவி, ஒயில் உறிஞ்சிற வலையையும் கழுவுங்கோ, பெயாறிங் மூடி ரெண்டைக் கழட்டி அதின்ர முகத்தையும் பாத்திடுங்கோ, செம்பு தெரிஞ்சா மாத்தவேணும். மற்றது ரைமிங், அதாவது பிளக்கில பொறி அடிக்கிற நேரம். அந்த நாளில மண்ணெண்ணெய்க்குத் தட்டாமல் இருக்க ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளித்தான் வைச்சவை, அப்பிடியே பெற்றோலில ஓடினா இழுவை இராது, சூடும் ஏறும், கார் சரியில்லை எண்டு நினைப்பீங்கள். பொயின்ற் இடைவெளியை 15 தவ்வுக்கு வைச்சு ரைமிங்கைக் கைநூலில இருக்கிறபடி திரும்ப வையுங்கோ. பெற்றோல் ராங்கையும் இறக்கிக் கழுவுங்கோ. ராங்கில ஓட்டை இருந்தா மச்சான் ஒட்ட வேண்டாம், வெறும் ராங்க் எண்டாலும் உள்ளுக்க ஆவி நிக்கும், வெடிக்கும். வேற ராங்க் தேடுங்கோ.

முதல் ஸ்ராட்டுக்கு முதல் புது 20-50 ஒயில் விட்டு, பிளக் இல்லாமலே ஸ்ராட்டரால சுத்துங்கோ, டாஷில ஒயில் லைற் அணைஞ்சாப் பிறகு பிளக்கைப் போடுங்கோ. அணையாட்டிப் போடாதேங்கோ.

மாஸ்ரர் சிலிண்டர் போல்ற், ஓம், எல்லா மைனரிலும் அந்தச் சண்டை இருக்கு. முறுக்குக் கம்பியை இறக்காமல் அந்தப் போல்ற் வராது. நீங்கள் எப்பிடியும் வலப்பக்க ட்றனியன் கழட்டப் போறீங்கள், அப்ப பாரம் போன பிறகு கம்பியும் தளரும், ரெண்டையும் ஒரே நாளில செய்யுங்கோ. கழட்ட முதல் கம்பியும் அதின்ர பின்நுனிப் பிடியும் எந்தப் பல்லில நிண்டது எண்டு புள்ளி குத்தி அடையாளம் வையுங்கோ, இல்லாட்டி பூட்டினாப் பிறகு கார் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கும். கம்பியில கீறல் விழ விடாதேங்கோ, சுத்தியலால அடிக்காதேங்கோ, கீறின இடத்திலதான் அது பிறகு முறியும். இடக்கம்பியை வலத்துக்கு மாத்திப் போடாதேங்கோ, ஒரு பக்கம் முறுகிப் பழகினது அந்தப் பக்கத்துக்குத்தான். திரும்பப் பூட்டேக்க போல்ற்றைத் தலைமாறிப் போட்டா, அதாவது தலை கம்பிப் பக்கம் இல்லாம மற்றப் பக்கம் வாற மாதிரி, அடுத்த முறை கம்பியைத் தொடாமல் கழட்டலாம், இடம் காணுமோ எண்டு ஒருக்கா வைச்சுப் பாருங்கோ.

லூயிஷம்_மைனர்

தம்பி, உங்கட சித்தப்பா மகன் ஆடிக்கு வாறதெண்டா இப்பவே ஓடர் பண்ணச் சொல்லுங்கோ, குத்துக்கால் சோடி மற்றச் சாமானை விடக் கொஞ்சம் பாரம்தான், சூட்கேஸில இடம் வைக்கச் சொல்லுங்கோ. பிறேக் பைப்புக்கு இரும்புக் குழாய் வாங்காதேங்கோ, செம்பு-நிக்கல் கலந்தது ஒரு சுருளா விக்குது, கையால வளைக்கலாம், எங்கட உப்புக்காத்துக்கும் கறள் பிடிக்காது. நுனி விரிக்கிற கருவி அங்க வாடைக்கு எடுக்கலாம். பிறேக் ஒயிலுக்கு டொட் 4, எஞ்சின் ஒயிலோ வேற ஒயிலோ துளி பட்டாலும் புது றப்பர் வீங்கிப் போகும், அதால அந்தச் சாமான் பூட்டேக்க கையைக் கழுவிப்போட்டுத் தொடுங்கோ.

பெயின்ற்றுக்கு இன்னும் காலமிருக்கு, எண்டாலும் இப்பவே சொல்லி வைக்கிறன். பழைய பெயின்ற்றில ஈயம் இருக்கும், உலர்வா உரஞ்சாதேங்கோ, தண்ணி விட்டு உரஞ்சுங்கோ, பிள்ளையளை அண்ட விடாதேங்கோ. ரெண்டு கலந்து அடிக்கிற புதுவகைப் பெயின்ற்றை வீட்டில அடிக்க வேண்டாம், அதின்ர புகை நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்மா நிரந்தரமா வரலாம், துணி கட்டினா நிக்காது, காத்துக் குழாய் வைச்ச முகமூடி உள்ள இடத்தில குடுத்து அடிப்பியுங்கோ. வீட்டிலயே அடிக்கிற எண்ணமெண்டா பழைய செலுலோஸ் வகை தேடுங்கோ, அதுக்கும் நல்ல முகமூடி வேணும், கொட்டிலுக்க அடுப்பு நெருப்பு ஒண்டும் இருக்கக்கூடாது. மட்காட் மூலைக்குப் பூச்சு வைச்சு மறைக்க விடாதேங்கோ, வெட்டிப் புதுத் துண்டு ஒட்டுவியுங்கோ, பூட்டினாப் பிறகு அந்த மூலையை ஒவ்வொரு மாரி முடியவும் குழாய்த் தண்ணி அடிச்சுக் கழுவுங்கோ.

கொக்குவில்1959

விளங்குது அக்கா, அண்ணை. இண்டைக்குப் பிளக் கழட்டி ஒயில் விட்டாச்சு, மூண்டாவதில மட்டும் உடன இறங்கிப் போச்சு, மற்ற மூண்டிலயும் நிக்குது. சம்ப் ஒயில் வடிச்சதில மண்ணெண்ணெய் மணம் இன்னும் இருக்கு. சனிக்கிழமை ஆங்கிள் இரும்பு வருது, வலப்பக்கக் கதவைக் கழட்டி வாசலைக் கட்டின பிறகு படம் போடுறன், மச்சான் வெட்ட முதல் அண்ணை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.

சுன்னாகம்_பழைய_கராஜ்

படம் வேண்டாம் தம்பி, கொக்குவில்தானே, சனி பின்னேரம் நானே வாறன். அதுக்கு முதல் கதவு வாசலை மேல மூலையிலயிருந்து கீழ மூலைக்குக் குறுக்கால ரெண்டு பக்கமும் அளந்து, அளவைச் சுவரில எழுதி வையுங்கோ. வெட்ட முதல் ஒருக்கா, ஒட்டின பிறகு ஒருக்கா, ரெண்டும் ஒண்டா இருக்கவேணும். மூண்டாவது சிலிண்டருக்குத் திரும்பவும் ஒயில் விடுங்கோ, அதில வளையம் கொஞ்சம் தளர்ந்திருக்கு, விட்டுக்கொண்டே இருங்கோ.